நீரிழிவும் அறிதிறன் சரிவும்: மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் முதியோரை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

நீரிழிவு கண்ணைப் பாதிக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும், கால் புண்ணை ஆறவிடாது என்பவற்றை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறியும். இந்நோய் எட்டிப் பார்க்காத உறவுக் குடும்பம் நம்மிடையே அரிது. ஆனால், இதே நோய் மூளையையும் தாக்கும் என்பதும், நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றை மெல்லக் குறைக்கும் என்பதும் பரவலாக அறியப்படவில்லை. முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால் அதை வயதின் இயல்பாகக் கொள்வதே நம்மிடையே உள்ள வழக்கம். அம்மறதிக்கும் அவர் இருபது ஆண்டுகளாக உட்கொண்டுவரும் நீரிழிவு மாத்திரைக்கும் தொடர்பு இருக்கலாம் என எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இக்கட்டுரை இரண்டு செய்திகளை விளக்க முற்படுகிறது. நீரிழிவுக்கும் அறிதிறன் சரிவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் இதுவரை நிறுவியுள்ளவை யாவை என்பது முதலாவது. அத்தொடர்பை உரிய காலத்தில் கண்டறிவதில் மொழிக்குள்ள பங்கு யாது என்பது இரண்டாவது. கண் பழுதைக் கருவியால் அறியலாம். சிறுநீரகப் பழுதை இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து அறியலாம். அறிதிறன் சரிவை முதன்முதலில் அறிய உதவுவதோ கேள்வியும் விடையும். அக்கேள்வி எந்த மொழியில், எந்த நடையில் கேட்கப்படுகிறது என்பது மருத்துவத்திற்கு மட்டும் உரிய சிக்கலன்று. தமிழ் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உரிய சிக்கலுமாகும்.

பெயர்களும் பொருளும்

'நீரிழிவு' என்பது ஏட்டு வழக்கு. சித்த மருத்துவ நூல்கள் 'மதுமேகம்' என்னும் சொல்லை ஆள்கின்றன. மலேசியத் தமிழர் பேச்சில் வழங்குவது 'இனிப்பு நீர்' என்பதே. மலாய் மொழியின் 'கென்சிங் மானிஸ்' என்னும் தொடரும் இதே பொருளைத் தருகிறது. பெயர் எதுவாயினும் நோய் யாது என்பதில் மக்களுக்கு ஐயம் இல்லை.

அறிதிறன் சரிவின் நிலை வேறு. ஆங்கிலத்தில் 'டிமென்ஷியா' எனப்படும் நிலைக்கு 'மறதிநோய்', 'முதுமை மறதி', 'மூளைத் தேய்வு' எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் 'அறளை பெயர்தல்' என்னும் வழக்கு உண்டு. மலேசியத் தமிழர் சிலர் மலாய்ச் சொல்லாகிய 'ஞாஞுக்' என்பதையே எடுத்தாள்வர். இவற்றுட் பல இகழ்ச்சிக் குறிப்புடையவை. சில முதுமையையே நோயெனக் கருத இடந்தருபவை. சில மறதி ஒன்றையே சுட்டி ஏனைய குறைகளை விட்டுவிடுபவை. இக்கட்டுரையில் 'அறிதிறன்' என்பது நினைவு, கவனம், மொழி, கணிப்பு, திட்டமிடல் ஆகியவற்றின் தொகுதியைக் குறிக்கும். 'அறிதிறன் சரிவு' என்பது அத்திறன்கள் முன்பிருந்த அளவிலிருந்து குறைவதையும், 'மறதிநோய்' என்பது அக்குறைவு அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்த இயலாத அளவிற்கு முற்றிய நிலையையும் குறிக்கும்.

தொடர்பு அறியப்பட்ட வரலாறு

நீரிழிவாளரின் நினைவும் கவனமும் குறைவதைச் சோதனை வழி அளந்து காட்டிய முன்னோடி ஆய்வு 1922-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அமெரிக்க ஆய்வாளர் மைல்ஸ், ரூட் ஆகிய இருவரும் அதனை எழுதினர். இன்சுலின் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டதும் அவ்வாண்டில்தான். இன்சுலின் வந்தபின் நீரிழிவாளர் நெடுநாள் வாழத் தொடங்கினர். நெடுநாள் வாழ்ந்தமையால் நோயின் நாட்பட்ட விளைவுகளும் ஒவ்வொன்றாகப் புலப்படலாயின.

பெருந்தொகையான மக்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் 1990-களின் இறுதியில் தெளிவான முடிவுகளைத் தந்தன. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 6,370 முதியோரிடம் நடத்தப்பெற்று 1999-இல் வெளியான ஆய்வு, நீரிழிவு உடையோர்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏனையோரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு எனக் காட்டியது. ஜப்பானின் ஹிசயாமா நகரில் 60 வயதைக் கடந்த 1,017 பேரை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும் 2011-இல் இதே திசையிலான முடிவை வெளியிட்டது. உண்ணாநிலையில் எடுக்கும் சர்க்கரை அளவைவிட, குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவே மறதிநோயோடு நெருங்கிய தொடர்புடையது என்பதும் அவ்வாய்வில் புலனாயிற்று.

2013-இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 2,067 முதியோரை ஆராய்ந்தோர் மேலும் ஒரு படி சென்றனர். நீரிழிவு இல்லாதவரிடையேகூட, சராசரிச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 5.5 மில்லிமோலாக இருந்தோரைவிட 6.4 மில்லிமோலாக இருந்தோர்க்கு மறதிநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நோய் எனப் பெயர் பெறும் எல்லைக்கு முன்னரே மூளைக்குரிய இடர் தொடங்குகிறது என்பதை இது உணர்த்துகிறது.

மூளையில் நிகழ்வன

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பயன்படுத்துகிறது. அவ்வாற்றலின் முதன்மை ஊற்று குளுக்கோஸ். ஆகவே, குளுக்கோஸ் ஒழுங்கு குலையும்போது மூளை பாதிக்கப்படுவது வியப்பன்று. இப்பாதிப்பு ஒரே வழியில் நிகழ்வதில்லை. குறைந்தது மூன்று வழிகளைச் சுட்டலாம்.

முதலாவது, நுண்குழாய் வழி. நெடுநாள் மிகும் சர்க்கரை கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தடிப்பாக்கி அடைக்கிறது. மூளையின் உட்பகுதிக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்குழாய்களுக்கும் இதே கதி நேர்கிறது. வெளியே தெரியாத சிறுசிறு குருதித்தடைகள் ஆங்காங்கே உண்டாகின்றன. ஒவ்வொன்றும் தனியே எவ்வறிகுறியையும் காட்டாது. பல சேர்ந்தபின் சிந்தனையின் வேகம் குறைகிறது; ஒரு வேலையிலிருந்து மற்றொன்றிற்கு மாறுவது கடினமாகிறது.

இரண்டாவது, இன்சுலின் வழி. இன்சுலினை ஏற்கும் அமைப்புகள் மூளையிலும் உள்ளன என்பது 1978-இல் கண்டறியப்பட்டது. நினைவைப் பதிக்கும் செயலில் இன்சுலினுக்குப் பங்குண்டு. உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும் நிலையில் மூளையும் அதற்குச் செவிசாய்ப்பது குறையலாம். இன்சுலினைச் சிதைக்கும் நொதியே அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமைலாய்டு என்னும் புரதத்தையும் சிதைக்கிறது. இன்சுலின் மிகுந்தால் அந்நொதி அதனிடமே ஈடுபட்டு, அமைலாய்டு தேங்கக்கூடும் என்பது ஆய்வாளர் முன்வைக்கும் கருத்து.

மூன்றாவது, அழற்சி வழி. மிகுசர்க்கரை புரதங்களோடு இணைந்து உருவாக்கும் பொருள்கள் திசுக்களில் படிந்து, நாட்பட்ட அழற்சியை வளர்க்கின்றன. நரம்பணுக்கள் அதனால் நலிகின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 2005-இல் அமெரிக்க ஆய்வாளர் சுசான் டி லா மோந்தே குழுவினர் அல்சைமர் நோயை 'மூன்றாம் வகை நீரிழிவு' எனக் குறித்தனர். அத்தொடர் செய்தித்தாள்களில் பெரிதும் பரவிவிட்டது. மருத்துவ உலகம் அதனை நோய்ப் பெயராக ஏற்கவில்லை. இறந்தபின் மூளையை ஆராய்ந்த ஆய்வுகள், நீரிழிவாளர் மூளையில் குருதித்தடைப் புண்கள் மிகுதி எனக் காட்டினவேயன்றி, அமைலாய்டுப் படிவுகள் மிகுதி எனப் பொதுவாகக் காட்டவில்லை. எனவே, நீரிழிவு மூளையை நலிவிக்கும் என்பதற்குச் சான்று வலுவானது. அல்சைமர் நோயே ஒரு வகை நீரிழிவு என்பதற்குச் சான்று போதாது. வகுப்பறையிலும் மேடையிலும் இச்செய்தியைச் சொல்வோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

நோய் தொடங்கும் வயது

நீரிழிவு இருக்கிறதா இல்லையா என்பதைப் போலவே, அது எத்தனை வயதில் தொடங்கியது என்பதும் முதன்மையானது. இங்கிலாந்து அரசு ஊழியர் 10,095 பேரை 1980-களின் நடுப்பகுதியிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. 70 வயதினரை ஒப்பிட்டபோது, கடந்த ஐந்தாண்டுகளுக்குள் நீரிழிவு வந்தவர்க்கு மறதிநோய் வாய்ப்பு, நீரிழிவு இல்லாதவரைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ஆனால், பத்தாண்டுகளுக்கு மேலாக நீரிழிவு உடையவர்க்கு அது இரு மடங்கிற்குச் சற்று மேல் இருந்தது. நோய் ஐந்தாண்டு முன்னதாகத் தொடங்கினால், இடர் ஏறத்தாழ 24 விழுக்காடு ஏறுகிறது.

தெற்காசிய மரபினர்க்கு நீரிழிவு ஐரோப்பியரைக் காட்டிலும் இளவயதிலேயே, குறைந்த உடல் எடையிலேயே வருகிறது என்பது பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்ட செய்தி. நாற்பது வயதில் நீரிழிவு தொடங்கிய ஒருவர் எழுபதை எட்டும்போது, அவர் மூளை முப்பது ஆண்டுகள் மிகுசர்க்கரையைத் தாங்கியிருக்கும். ஒயிட்ஹால் ஆய்வு தரும் பாடம் நம்மவர்க்கு இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

மலேசிய, சிங்கப்பூர் நிலை

மலேசியச் சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய ஆய்வில், 18 வயதிற்கு மேற்பட்டோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, மலாய்க்காரர்களிடையே 22.0, சீனர்களிடையே 15.1. அந்த 18.3 விழுக்காட்டினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் இந்தியரிடையே நோய் மிகுதி என்னும் நிலை மாறவில்லை. சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டு ஆய்வும் இதே வரிசையைக் காட்டியது: இந்தியர் 17.2, மலாய்க்காரர் 16.6, சீனர் 9.7 விழுக்காடு. அந்நாட்டரசு 2016-இல் நீரிழிவின்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது.

மறதிநோயைப் பொறுத்தவரை, மலேசியாவின் 2018-ஆம் ஆண்டு முதியோர் ஆய்வு 60 வயதைக் கடந்தோருள் 8.5 விழுக்காட்டினர்க்கு அந்நோய் இருக்கக்கூடும் எனக் கணித்தது. பள்ளிக் கல்வி பெறாதோரிடையே அவ்விகிதம் மிகுதியாக இருந்தது. சிங்கப்பூரில் 2013-இல் நடந்த முதியோர் நலவாழ்வு ஆய்வு தரும் செய்தி நம் நோக்கிற்கு மிகவும் பயனுடையது. ஒரே மக்கள் தொகுதியை இருவேறு அளவுகோல்களால் மதிப்பிட்டபோது, ஓர் அளவுகோலின்படி 10.0 விழுக்காட்டினர்க்கும் மற்றதன்படி 4.6 விழுக்காட்டினர்க்கும் மறதிநோய் இருப்பதாகத் தெரிந்தது. அளக்கும் கோல் மாறினால் நோயாளர் தொகை பாதியாகிறது என்றால், அக்கோல் எவ்வாறு செய்யப்படுகிறது என்பது அற்பச் செய்தியன்று.

மறதியும் மருந்தும்

கண்டறிதல் ஏன் இத்துணை இன்றியமையாதது என்னும் வினா எழலாம். முற்றிய மறதிநோயை மாற்றும் மருந்து இல்லாதபோது, முன்னரே அறிந்து என்ன பயன் எனக் கேட்போரும் உளர். நீரிழிவாளரைப் பொறுத்தவரை இதற்கு விடை தெளிவானது.

நீரிழிவு என்பது நோயாளி தாமே நாள்தோறும் மேலாள வேண்டிய நோய். மாத்திரையை வேளையறிந்து உட்கொள்ளல், இன்சுலின் அளவைச் சரியாக எடுத்தல், உணவைத் தவறவிடாதிருத்தல், சர்க்கரை இறங்கும் அறிகுறியை உணர்தல் ஆகிய அனைத்திற்கும் நினைவும் கவனமும் வேண்டும். அவை குன்றிய ஒருவர் காலையில் உட்கொண்ட மாத்திரையை மறந்து மீண்டும் உட்கொள்ளக்கூடும். இன்சுலின் போட்டுக்கொண்டபின் பசியாறாமல் இருந்துவிடக்கூடும். அப்போது சர்க்கரை அளவு லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கித் தாழ்சர்க்கரை நிலை உண்டாகிறது. அது கடுமையானால் மயக்கமும் வலிப்பும் நேரலாம்.

இத்தாழ்சர்க்கரை மூளைக்கு மீண்டும் ஊறு செய்கிறது. வட கலிபோர்னியாவில் 16,667 நீரிழிவாளரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைக்குச் செல்லுமளவு கடுமையான தாழ்சர்க்கரை ஒருமுறை நேர்ந்தவர்க்கு மறதிநோய் வாய்ப்பு 26 விழுக்காடும், மும்முறையோ அதற்கு மேலோ நேர்ந்தவர்க்கு 94 விழுக்காடும் கூடியிருந்தது. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு, தாழ்சர்க்கரை மறதிநோய்க்கும் மறதிநோய் தாழ்சர்க்கரைக்கும் வழிவகுப்பதை எடுத்துக்காட்டியது. ஒன்றை மற்றொன்று வளர்க்கும் சுழல் இது.

சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்துவிட்டால் மூளையைக் காக்கலாம் என்னும் எண்ணமும் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2,977 நீரிழிவாளர் பங்குபெற்ற அமெரிக்க, கனடிய ஆய்வின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. கடுமையான கட்டுப்பாட்டில் இருந்தோர்க்கும் வழக்கமான கட்டுப்பாட்டில் இருந்தோர்க்கும் 40 மாதங்களின் பின் அறிதிறனில் வேறுபாடு காணப்படவில்லை. அக்கடுமையான முறையில் இறப்பு கூடியமையால் அது 2008-லேயே நிறுத்தப்பட்டிருந்தது. இக்காரணங்களால், அறிதிறன் குன்றிய முதியவர்க்குச் சர்க்கரை இலக்கைச் சற்றுத் தளர்த்தி, தாழ்சர்க்கரை தராத மருந்துகளைத் தேர்வதே இன்றைய மருத்துவ நெறி. மருத்துவர் அவ்வாறு தளர்த்த வேண்டுமாயின், நோயாளியின் அறிதிறன் குன்றியுள்ளது என்பதை முதலில் அவர் அறிய வேண்டும். இதனாலேயே அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 65 வயதைத் தொட்ட நீரிழிவாளர் அனைவரையும் ஆண்டுதோறும் சோதிக்கப் பரிந்துரைக்கிறது.

மறதி அனைத்தும் மறதிநோய் ஆகாது என்பதையும் இங்குச் சேர்த்துரைக்க வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோர் சிலர்க்கு வைட்டமின் பி12 குறைகிறது. புலால் உண்ணாதோரிடம் இக்குறைவு மேலும் எளிதில் நேரும். தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, செவித்திறன் குறைவு ஆகியவையும் மறதிபோலத் தோன்றும். இவை கண்டறியப்பட்டால் சீர்செய்யத் தக்கவை.

சோதனையும் மொழியும்

அறிதிறனை அளக்க உலகெங்கும் பயன்படும் சோதனைகளுள் இரண்டு பெரிதும் அறியப்பட்டவை. ஒன்று, 1975-இல் ஃபோல்ஸ்டீன் குழுவினர் அமைத்த சிறு மனநிலைச் சோதனை. மற்றொன்று, நஸ்ரதீன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட மாண்ட்ரியல் அறிதிறன் மதிப்பீடு. இரண்டும் 30 புள்ளிகள் கொண்டவை; இரண்டும் பள்ளி சென்ற மக்கள் வாழும் சூழலில் பிறந்தவை. அவற்றைத் தமிழுக்குக் கொணரும்போது எழும் இடர்ப்பாடுகள் மொழியாசிரியர்க்குச் சுவையும் கவலையும் ஒருங்கே தருவன.

'இப்போது எந்தப் பருவம்?' என்பது முதற்சோதனையின் கேள்விகளுள் ஒன்று. தமிழிலக்கணம் காரும் கூதிரும் முன்பனியும் பின்பனியும் இளவேனிலும் முதுவேனிலுமாக ஆறு பெரும்பொழுதுகளைச் சொல்லும். நிலநடுக்கோட்டை ஒட்டிய மலேசியாவில் வாழும் முதியவர்க்கு மழையும் வெயிலும் அன்றி வேறு பருவம் ஏது? அவர் விடை கூறாமல் விழித்தால் அது மறதியாகாது.

'உலகம்' என்னும் பொருள்தரும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வது மற்றொரு பகுதி. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் பள்ளிக் குழந்தையும் பழகிய செயல். தமிழில் எழுத்து என்பது உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாகும். படித்தவர்கூட இதனைப் பழகியவர் அல்லர்; எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கோ இக்கேள்வியே பொருளற்றது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது அதற்கு மாற்று. சந்தைக் கணக்கில் ஒரு காசும் பிழைபடாத பாட்டி, இந்த ஏட்டுக் கணக்கில் தடுமாறக்கூடும்.

இரண்டாம் சோதனையில், குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் கூற வேண்டும். தமிழில் 'க' என்று கேட்டால், 'கா', 'கி', 'கூ' எனத் தொடங்குவனவும் கணக்கில் சேருமா? 'க' என்பதை எழுத்தாகக் கொள்வதா, ஒலியாகக் கொள்வதா? இதை முடிவுசெய்யாமல் புள்ளி தருதல் இயலாது. அதே சோதனையில் சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் ஆகியவற்றின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பர். தோட்டப்புறத்தில் பால்மரம் சீவி வாழ்ந்த மூதாட்டி காண்டாமிருகத்தைப் படத்திலும் பாராமல் இருந்திருக்கலாம்.

நடையும் ஒரு சிக்கலாகும். மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் எழுத்து வழக்கில் அமைகின்றன. முதியவர் புழங்குவது பேச்சு வழக்கு. அதிலும் மலாய்ச் சொற்கள் இயல்பாகக் கலந்த மலேசியப் பேச்சு வழக்கு. 'இன்று என்ன கிழமை?' என்பதற்கு அவர் 'செலாசா' என்றால் விடை சரியே. 'செவ்வாய்' என்று சொல்லவில்லை எனப் புள்ளியைக் குறைத்தால் பிழை சோதிப்பவருடையது. தமிழ் அறியாத சோதகர், மகனையோ மகளையோ மொழிபெயர்க்கச் சொல்லும்போது இடர் இன்னும் மிகும். பெற்றோரின் தடுமாற்றத்தைக் காணப் பொறாத பிள்ளைகள் தம்மை அறியாமலே குறிப்புக் கொடுத்துவிடுவர்.

கல்வி குறைந்தவரை இச்சோதனைகள் நோயாளராகக் காட்டும் அபாயம் உண்டு என்பது உண்மை. இதற்கு மறுதலையும் உண்மை. நன்கு படித்த ஒருவர், எடுத்துக்காட்டாக ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தம் மொழித்திறனால் சரிவை நெடுநாள் மறைத்துவிட முடியும். வாயில் செய்யுளும் மேற்கோளும் தடையின்றி வரும். ஆனால், மாத்திரைப் பெட்டி குழம்பிக் கிடக்கும். மாண்ட்ரியல் மதிப்பீடு 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்க்கு ஒரு புள்ளி கூட்டித் தருகிறது. ஆறாண்டுத் தோட்டப் பள்ளிக் கல்விக்கும் பள்ளியே காணாமைக்கும் உள்ள தொலைவை அந்த ஒரு புள்ளி ஈடுசெய்யாது.

இச்சிக்கலுக்குத் தீர்வு காண முடியும் என்பதற்குச் சான்றுண்டு. 10/66 மறதிநோய் ஆய்வுக் குழு, மறதிநோயாளருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளுள் 10 விழுக்காட்டிற்கும் குறைவானவையே அந்நாடுகளைப் பற்றியவை என்னும் குறையைத் தன் பெயரிலேயே சுட்டியது. கல்வி வேறுபாட்டால் முடிவு திரியாதவாறு முதியவரிடமும் அவரை அறிந்த ஒருவரிடமும் தனித்தனியே வினவும் முறையை அது உருவாக்கியது. சென்னையிலும் வேலூர்ப் பகுதியிலும் தமிழ் பேசும் முதியோரிடையே அம்முறை பயன்படுத்தப்பட்டது. மேலே கண்ட சிங்கப்பூர் ஆய்வில் 10.0 விழுக்காடு என்னும் முடிவைத் தந்ததும் அம்முறையே.

நாம் செய்யத்தக்கவை

வருமுன் காத்தலே முதற்பணி. சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை ஏற்புத்திறன் குறைந்த 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்த குழுவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதிற்குட்பட்ட 1,260 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாடு ஆகியவற்றை ஒருங்கே மேற்கொண்டோரின் அறிதிறன் இரண்டாண்டுகளில் கூடுதலாக மேம்பட்டதைக் காட்டியது. தவிர்க்கத்தக்க இடர்களைச் சீர்செய்தால் உலக அளவில் மறதிநோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என 2024-இல் லேன்செட் ஆணையம் கணித்தது. அவ்வாணையம் பட்டியலிட்ட 14 இடர்களுள் நீரிழிவும் ஒன்று. இளமைக் கல்விக் குறைவும் ஒன்று.

தமிழ்த் துறைகளும் ஆசிரியர்களும் செய்தற்குரிய பணிகளாக நான்கினை முன்வைக்கலாம். முதலாவது, மருத்துவத் துறைகளோடு கூடி, மலேசிய, சிங்கப்பூர்ப் பேச்சுத் தமிழில் அமைந்த அறிதிறன் சோதனைகளைச் செம்மைப்படுத்தல். மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. மொழிபெயர்த்ததை மீளவும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுதல், முதியோரிடம் முன்னோட்டம் பார்த்தல், கல்வி அளவிற்கேற்பச் சராசரிப் புள்ளிகளை வகுத்தல் ஆகியவை வேண்டும். மாணவர் ஆய்வேடுகளுக்கு இது நல்ல களமாகும். இரண்டாவது, இகழ்ச்சிக் குறிப்பற்ற கலைச்சொற்களை வரையறுத்து, ஊடகங்களும் மருத்துவமனைகளும் ஒரே சொல்லை ஆளச் செய்தல். மூன்றாவது, முதியோர் புழங்கும் சொற்களைத் தொகுத்தல். தோட்டப்புற வாழ்வில் எவ்விலங்கை, எக்கருவியை, எம்மரத்தை அனைவரும் அறிந்திருந்தனர் என்னும் பட்டியலே நேர்மையான சோதனைக்கு அடிப்படை. நான்காவது, எளிய தமிழில் குடும்பத்தாருக்கான குறிப்பேடுகளை எழுதல்.

அக்குறிப்பேட்டில் இடம்பெறத்தக்க அறிகுறிகள் சில: மாத்திரைகள் கணக்கிற்கு மிஞ்சியோ குறைந்தோ இருத்தல், ஒரே கட்டணத்தை இருமுறை கட்டுதல், பல ஆண்டு சமைத்த உணவின் செய்முறை வரிசை தவறுதல், பழகிய கோயிலுக்குச் செல்லும் வழியில் திகைத்தல், காரணமின்றி வியர்த்துக் குழம்புதல். இறுதியிற் கூறியது தாழ்சர்க்கரையாகவும் இருக்கலாம். நீரிழிவு உடைய முதியவரிடம் இவற்றுள் ஒன்று மீண்டும் மீண்டும் தோன்றினால், அடுத்த மருத்துவப் பரிசோதனையின்போது அதனை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்தலும், இன்சுலின் போடும்போது ஒருவர் உடனிருத்தலும் அன்றே தொடங்கத் தக்கவை.

முடிவுரை

நீரிழிவு மறதிநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. இளவயதில் தொடங்கினால் அவ்வாய்ப்பு மேலும் கூடுகிறது. அறிதிறன் குன்றினால் நீரிழிவு மருத்துவமே இடர் தருவதாக மாறக்கூடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீரிழிவு மிகுந்த இனத்தவருள் நாமும் உளோம். ஆகவே, நம் முதியோரின் அறிதிறன் உரிய காலத்தில், முறையாக மதிப்பிடப்படுதல் இன்றியமையாதது. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளக்கும் கருவிக்கு மொழி தேவையில்லை. அறிதிறனை அளக்கும் கேள்விக்கோ முதியவர் அறிந்த சொல்லும், அவர் வாழ்ந்த வாழ்க்கையும், அவர் பேசும் நடையும் தேவை. அவற்றைத் தரவல்லவர் தமிழறிந்தோரே. அக்கேள்விகளைச் செம்மையுற அமைத்துத் தருவதைத் தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றாக ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.